தாளும் ஆளும்: மலையடிவாரத்துச் செய்தியும் பத்திரிகைச் சிக்கனமும்



அச்சுப் பத்திரிகைகளின் க்ஷீண தசையைப் பற்றியும், செலவைக் குறைத்தாக வேண்டுமென்ற நிர்ப்பந்தத்தால் பத்திரிகைத் தொழிலில் நேர்ந்துவரும் மாறுதல்களைப் பற்றியும் பேசுமாறு, இச்சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இவ்விஷயத்தைப் பேசுவோர் வழக்கமாகச் சென்னையிலோ தில்லியிலோ உள்ள தலைமை அலுவலகங்களின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, மூடப்பட்ட பதிப்புகளையும் வேலையிழந்த உதவி ஆசிரியர்களையும் எண்ணிக் காட்டி, எதிர்காலத்தைக் குறித்து ஓர் அச்சத்தையோ ஆறுதலையோ சொல்லி முடிப்பார்கள். நான் அந்த வழியை விட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், அம்பரப்பர் மலைக்குக் கீழே மானாவாரி நிலமும் மேய்ச்சல் கரடுமாகக் கிடக்கும் பொட்டிபுரத்தில் நின்றுகொண்டு இவ்விஷயத்தைப் பார்க்க விரும்புகிறேன். ஏனெனில், ஒரு பத்திரிகை சிக்கனத்தை மேற்கொள்ளும்போது முதலில் எதைக் கைவிடுகிறது என்பது, தலைமை அலுவலகத்தில் இருப்பவர்களைக் காட்டிலும், கைவிடப்பட்ட ஊரில் இருப்பவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

என் அபிப்பிராயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் தாள் குறைவதை நாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆள் குறைவதைப் பொறுத்துக்கொள்ளலாகாது. இந்த ஒரு கருத்தை நிலைநாட்டுவதற்கே இன்றைய பொழுதைப் பயன்படுத்திக்கொள்ளப் போகிறேன்.

வரவும் செலவும்

நாளிதழ் விசித்திரமான ஒரு சரக்கு. வாசகர் கடையில் கொடுக்கும் காசில் ஏஜென்டின் கமிஷன் போக மிஞ்சுவது, காகிதம், மை, அச்சுக்கூலி, விடிவதற்குள் ஊர் ஊராகக் கட்டுகளைக் கொண்டுசேர்க்கும் வண்டிச் செலவு ஆகியவற்றுக்கே பற்றாது; ஆசிரியர் குழுவுக்கும் நிருபர்களுக்கும் ஆகும் சம்பளம் பெரும்பாலும் விளம்பர வருமானத்திலிருந்துதான் வரவேண்டும். சுதந்திரம் பெற்ற புதிதில் அரசாங்கம் இந்த நிலைமையைச் சீர்செய்ய எண்ணி, இத்தனை பக்கத்துக்கு இத்தனை விலை என்று 1960-இல் ஓர் உத்தரவு போட்டது. புனே நகரத்து மராத்தி நாளிதழான 'சகாள்' தொடுத்த வழக்கில், அது பேச்சு சுதந்திரத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் தள்ளிவிட்டது. பத்துப் பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்ற காகிதக் கட்டுப்பாட்டையும் பென்னெட் கோல்மன் பத்திரிகை நிறுவனம் தொடுத்த வழக்கில் 1972-இல் ரத்து செய்தது. இவ்விரு தீர்ப்புகளும் பத்திரிகையின் சுதந்திரத்தைக் காத்தவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சுதந்திரத்தைப் பெற்ற பத்திரிகைகள், பக்கத்தைப் பெருக்கி, விலையைத் தாழ்த்தி, வித்தியாசத்தை விளம்பரத்தால் ஈடுகட்டும் வழியில் போட்டியிட்டுப் போயின. 2005-ஆம் வருஷக் கடைசியில் 'தினகரன்' ஒரு ரூபாய்க்கு விற்கத் தொடங்கியபோது, தேநீர் விலையைக் காட்டிலும் செய்தியின் விலை குறைவு என்பது தமிழ் வாசகருக்குப் பழகிப்போயிற்று.

அவ்வாறு பழகிய பிறகு, விளம்பரம் வேறு இடம் தேடிப் போய்விட்டது. வரன் தேடுவோரும் மனை விற்போரும் வேலைக்கு ஆள் கேட்போரும் கொடுத்துவந்த வரி விளம்பரங்கள் கைபேசிக்குள் குடியேறின. பெரிய வியாபார ஸ்தாபனங்களின் விளம்பரப் பணம் கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் சென்றது. நம் நாட்டுக்கு வேண்டிய பத்திரிகைக் காகிதத்தில் பாதிக்கு மேல் அயல்நாட்டிலிருந்து வருவது. அதன் மீது 2019-இல் பத்து சதவீத இறக்குமதி வரி விழுந்து, மறு வருஷம் ஐந்தாகக் குறைக்கப்பட்டது. உக்ரைன் யுத்தம் மூண்ட 2022-இல் காகித விலை எட்ட முடியாத உயரத்துக்குப் போயிற்று. கரும்புச் சக்கையிலிருந்து பத்திரிகைக் காகிதம் செய்வதற்கென்றே தமிழ்நாடு அரசு 1979-இல் நிறுவிய புகளூர் ஆலைகூட, நாளடைவில் எழுது தாளுக்கும் அச்சுத் தாளுக்கும் திரும்பிவிட்டது. இவற்றுக்கிடையே 2020-ஆம் வருஷத்து ஊரடங்கு வந்து, பத்திரிகையைத் தொட்டாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பீதியையும் சேர்த்துக் கொண்டுவந்தது. 1941-இல் பிறந்த 'கல்கி' வார இதழ் அச்சை விட்டுக் கணினித் திரைக்குப் போனது அந்தக் காலத்தில்தான்.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. மலேசியத் தமிழர்களின் மூத்த நாளேடாகிய 'தமிழ் நேசன்', 1924-இல் தொடங்கித் தொண்ணூற்றைந்து வருஷ காலம் நடந்து, 2019 தொடக்கத்தில் நின்றது. இலங்கையில் அந்நியச் செலாவணி வறண்ட 2022 மார்ச்சில், 'தி ஐலண்ட்' ஆங்கில நாளிதழும் அதன் சிங்களச் சகோதரப் பத்திரிகையும் காகிதம் கிடைக்காமல் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின. வியன்னா நகரில் 1703 முதல் வெளிவந்த 'வீனர் சைட்டுங்', வியாபார நிறுவனங்கள் சட்டப்படி அதில் அறிவிப்பு வெளியிட வேண்டுமென்ற விதியை ஆஸ்திரிய அரசு நீக்கியதும் வருமானமிழந்து, 2023 ஜூன் 30-ஆம் தேதியோடு தன் நாளேட்டு அச்சை முடித்துக்கொண்டது. டெண்டர் அறிவிப்பையும் ஏல நோட்டீஸையும் நம்பிக் காலந்தள்ளும் நம் பத்திரிகைகள் இந்த உதாரணத்தைச் சிந்திப்பது நல்லது.

வறுமை புதிதன்று

ஆனால் காகிதப் பஞ்சமும் பணமுடையும் தமிழ்ப் பத்திரிகைக்குப் புதியவை அல்ல. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கிய 'சுதேசமித்திரன்' நாளிதழாவதற்கு 1899 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலக யுத்தத்தினால் காகிதம் ரேஷனில் இருந்த 1942-இல்தான், இதே மதுரைச் சீமையில் சி. பா. ஆதித்தனார் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். பெரிய பக்கங்களோ வண்ணப் படங்களோ அதை வளர்த்துவிடவில்லை. சிறு ஊர்களின் நடப்பை, அவ்வூர் ஜனங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய தமிழில், டீக்கடைப் பெஞ்சு வரைக்கும் கொண்டுசேர்த்ததே அதன் பலம். தாள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் அது ஊர்களைத் தேடிப் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடினமான விஷயத்தைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்கும் திறமையும் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. 'தினமணி'யின் ஆசிரியர் பொறுப்பில் நாற்பது வருஷத்துக்கு மேலிருந்த ஏ. என். சிவராமன், 'கணக்கன்' என்ற புனைபெயரில் பொருளாதாரத்தையும் புள்ளி விவரத்தையும் பள்ளிக்கூடம் தாண்டாதவர்களுக்கும் புரியும்படி எழுதினார். பெ. நா. அப்புசுவாமி விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்வதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டிருந்தார். இப்பரம்பரையை நினைவில் வைத்துக்கொண்டு பொட்டிபுரத்துக்குத் திரும்புவோம்.

பொட்டிபுரத்து மலை

நியூட்ரினோ என்னும் நுண்துகள், கோடிக்கணக்கில் நம் உடலூடே விநாடிதோறும் கடந்து போனாலும் யாதொரு தடயமும் விட்டுச்செல்லாத இயல்பினது. அதைப் பிடித்துப் பார்ப்பதற்கு, மற்றக் கதிர்களைத் தடுத்து நிறுத்தும்படியான பாறைக் கவசம் வேண்டும். கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை 1965-இல் நம் நாட்டு விஞ்ஞானிகளும் பிற நாட்டவரும் சேர்ந்து பதிவு செய்தது இவ்வகையில்தான். அச்சுரங்கம் மூடப்பட்ட பிறகு வேறிடம் தேடி, நீலகிரியில் சிங்காராவைத் தேர்ந்தெடுத்து, புலிகள் காப்பகத்துக்கு அண்மையிலிருப்பதால் 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்கு அனுமதி மறுக்கவே, ஆய்வுக்கூடத் திட்டம் பொட்டிபுரத்துக்கு வந்துசேர்ந்தது. மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் குகைப்பாதை குடைந்து, அதன் முடிவில் 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டிய இரும்புக் கருவியை அமைப்பது திட்டம். சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவுக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது.

அதன்பின் நிகழ்ந்தவற்றை இங்குள்ளவர்கள் அறிவீர்கள். ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ தொடுத்த வழக்கில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியின்றி வேலை தொடங்கக்கூடாதென்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2015 மார்ச்சில் சொல்லிற்று. 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு எடுத்துச்சென்ற வழக்கில், சுற்றுச்சூழல் அனுமதியை 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது; மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மறு வருஷம் புதிய அனுமதி வழங்கப்பட்டது; 2022-இல் தமிழ்நாடு அரசு, இது புலிகள் நடமாடும் வனப்பாதை என்று கூறி, உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பதை நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. என் கேள்வி வேறு. இத்தனை வருஷ காலம் நடந்த விவாதத்தில், பொட்டிபுரத்து மாடு மேய்ப்பவர் கேட்ட கேள்விகளுக்கு அவர் படிக்கும் பத்திரிகை என்ன விடை கொடுத்தது? பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் கிணற்றில் ஊற்று வற்றுமா? முல்லைப் பெரியாற்று நீரிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கும் குகைக்கும் எவ்வளவு போகும்? மேய்ச்சலுக்கு மலையேறும் தடம் திறந்திருக்குமா, வேலி போட்டு அடைத்துவிடுவார்களா? நியூட்ரினோவினால் கதிர்வீச்சு உண்டா, அணுக்கழிவைப் புதைக்கும் கிடங்கா இது? இவற்றுள் சில பௌதிகம் அறிந்தவர் ஒரு பக்கத்தில் தெளிவாகத் தீர்த்துவைக்கக் கூடியவை. அணுக்கழிவைப் பற்றிய அச்சம் அத்தகையது. வேறு சில, நிலத்தை நடந்து பார்த்து, வருவாய்த் துறை ஆவணத்தைப் புரட்டி, நிலத்தடி நீர் அறிந்தவரைக் கேட்டு, மாதக்கணக்கில் தேடினாலன்றி விடை காண முடியாதவை. நல்ல கட்டுரைகள் சில வராமலில்லை. எனினும் நான் படித்த அளவில், பெரும்பாலான நாட்களில் வந்தது ஒரு தலைவரின் அறிக்கையும், அதற்கு ஒரு விஞ்ஞானியின் மறுப்பும், உண்ணாவிரதத்தின் புகைப்படமுமே. அறிக்கை அலுவலகத்துக்குத் தானே வந்து சேரும். அதை அச்சிடுவதற்குச் செலவு இல்லை. கிணற்றடியில் கேட்ட கேள்விக்கு விடை தேடப்போவது செலவு. சிக்கனம் பிடித்த பத்திரிகை எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதனால் நஷ்டம் இரு தரப்புக்கும் நேர்ந்தது. விஞ்ஞானிகள் தங்கள் வாதத்தை ஆங்கிலத்திலேயே விஸ்தாரமாக எழுதிக்கொண்டிருக்க, அது மலையடிவாரத்துக்கு வதந்தியாகத் திரிந்து வந்தது. ஊராரின் நியாயமான அச்சமும், ஆதாரமற்ற அச்சமும் பிரித்தறியப்படாமல் ஒன்றாகவே தலைநகரங்களை எட்டின. நடுவே நின்று, இது உண்மை, இது பொய், இது இன்னும் தெரியாதது என்று மூன்றாகப் பகுத்துச் சொல்லும் ஒரு நிருபர் நிரந்தரமாக இங்கே இருந்திருந்தால், முடிவு எதுவாயினும், அது அறிந்து எடுத்த முடிவாக இருந்திருக்கும்.

ஏலமலைச் செய்திகள்

போடிநாயக்கனூரை ஏலக்காய் நகரம் என்கிறோம். இங்கும் கேரள எல்லைக்கு அப்பால் புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. அன்றைய விலை ஏலம் முடியும் முன்பே வியாபாரியின் கைபேசிக்கு வந்துவிடுகிறது. விலைப் பட்டியலுக்காக மறுநாள் பத்திரிகையை எதிர்பார்த்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது. அதற்காக வருந்தவும் வேண்டியதில்லை. ஆனால் 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட ஏலக்காய், இரண்டே வருஷத்தில் ஆயிரத்தை ஒட்டி இறங்கியது ஏன், அந்த உயர்விலே பறிப்புக் கூலிக்குப் போகும் பெண்களுக்கு என்ன கிடைத்தது, விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கி ஏற்றப்பட்டு போடிமெட்டு வளைவுகளைக் கடந்து பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் செல்லும் அவர்களின் பிரயாணத்துக்குப் பாதுகாப்பு என்ன என்பவற்றைக் கைபேசித் திரையில் ஓடும் எண் சொல்லாது. அதற்கு, எஸ்டேட் கணக்கும் தெரிந்து, கூலிக்காரப் பெண்களின் பேச்சும் புரிந்த ஒருவர், தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடாமல் மலையேறிப் போய் வரவேண்டும்.

கேரளத்துடனான முல்லைப் பெரியாறு அணை விவகாரம் முற்றிய 2011 டிசம்பரில், உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் அஞ்சி மலையிறங்கி வந்த நாட்களை இங்குள்ளோர் மறந்திருக்க மாட்டீர்கள். மலையின் இரு பக்கத்திலும் வதந்தி செய்தியை முந்திக்கொண்டு ஓடிய நாட்கள் அவை. அத்தகைய வேளையில் ஒரு வதந்தியைப் பொய்யென்று ஊர்பேர் சொல்லி மறுக்கக்கூடிய நிருபர் ஒருவர், ஒரு படைப் பிரிவுக்கு நிகரான காவலாவார். அதேபோல், 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் 23 பேர் மாண்டபோது, நாடெங்கிலுமிருந்து தொலைக்காட்சி வண்டிகள் போடிக்கு வந்து குவிந்தன. சில நாட்களில் போயும் விட்டன. அரசு, ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரணைக்கு நியமித்தது. அவ்விசாரணை என்ன கூறியது, காட்டுத் தீத்தடுப்புக் கோடுகள் அடுத்த கோடையில் வெட்டப்பட்டனவா, வனத்துறையின் காலியிடங்கள் நிரம்பினவா என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பொறுப்பு, வண்டிகள் போன பின்பும் ஊரில் இருப்பவருக்கே உரியது.

சிக்கனம் யாரைத் தொடுகிறது

அந்த ஊரில் இருப்பவர் யார்? பத்திரிகைத் தொழிலில் அவருக்கு ஏரியா நிருபர், பகுதிநேர நிருபர் என்றெல்லாம் பெயர் உண்டு. உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-இல் வந்தது. மஜீதியா சம்பளக் குழுவின் சிபாரிசை அரசு 2011-இல் அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2014-இல் அது செல்லுமென்று உறுதிசெய்தது. ஆனால் ஊழியர் பட்டியலிலேயே பெயரில்லாத பகுதிநேர நிருபருக்கு இவை எல்லாம் எட்டாக்கனியாகவே இருந்தன. பிரசுரமான செய்திக்கு ஒரு சிறு தொகையும், பிடித்துக்கொடுத்த விளம்பரத்துக்குக் கமிஷனும் அவருடைய ஜீவாதாரம். யாரைப் பற்றி விசாரித்து எழுத வேண்டுமோ, அந்த எஸ்டேட் முதலாளியிடமும் ஒப்பந்தக்காரரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் போய், பிறந்தநாள் வாழ்த்துக்கும் சிறப்பு மலருக்கும் விளம்பரம் கேட்டு நிற்க வேண்டியவரும் அவரே. காசு வாங்கிக்கொண்டு செய்தி போடும் வழக்கத்தை இந்தியப் பத்திரிகை மன்றம் 2010-இல் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது; அவ்வழக்கத்தின் வேர் நிருபரின் பேராசையில் மட்டும் இல்லை, அவருடைய சம்பளமின்மையிலும் இருக்கிறது.

வருமானம் குறைந்த பத்திரிகை முதலில் பக்கத்தைக் குறைக்கிறது. பிறகு இரண்டு தாலுகாவை ஒரே நிருபர் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. பிறகு அவரையே வீடியோவும் எடுத்து அனுப்பச் சொல்கிறது. கடைசியில் செய்தி நிறுவனமும் போலீஸ் குறிப்பும் தருவதை வைத்து மாவட்டப் பக்கத்தை நிரப்பிவிடுகிறது. தன் ஊரைத் தன் பத்திரிகையில் காணாத வாசகர் சந்தாவை நிறுத்துகிறார். அதனால் வருமானம் இன்னும் குறைகிறது. விதைநெல்லைக் குத்தி ஒரு வேளைச் சோறாக்கும் சிக்கனம் இது.

யூடியூபும் வாட்ஸப்பும் அந்த இடத்தை நிரப்பிவிடாவோ என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளூர் இளைஞர்கள் நடத்தும் சில சேனல்கள், சாக்கடை அடைப்பையும் ரேஷன் கடைத் தாமதத்தையும் பெரிய பத்திரிகைகளைவிட விரைவாக எடுத்துச்சொல்கின்றன என்பதை நான் மறுக்கவில்லை. கருவி எதுவாயினும் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் ஒரு வழக்கின் ஏழாவது வாய்தாவுக்குப் போய் உட்கார்ந்து, ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டு திரும்புவதற்கு, எந்தத் திரையும் இன்று காசு கொடுப்பதில்லை. செய்தித் தொழிலின் பெருஞ்செலவு எழுதுவதில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது. அச்சுப் பத்திரிகை தன் நல்ல நாட்களில் அந்தக் காத்திருப்புக்குச் சம்பளம் கொடுத்தது என்பதே அதன் சிறப்பு.

செய்யத்தக்கது

நோயைச் சொன்னவன் மருந்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். 1881-இல் லாகூரில் தயாள் சிங் மஜீதியா தொடங்கிய 'டிரிபியூன்', அவர் காலத்துக்குப் பின் ஓர் அறக்கட்டளையின் சொத்தாகி, தேசப் பிரிவினையில் இடம்பெயர்ந்து, இன்றும் சண்டிகரிலிருந்து வெளிவருகிறது. இங்கிலாந்தில் 'கார்டியன்' பத்திரிகையைக் காப்பதற்கென்று 1936-இல் ஸ்காட் அறக்கட்டளை ஏற்பட்டது. உத்தரப் பிரதேசத்துச் சித்ரகூடத்தில் 2002-இல் தொடங்கிய 'கபர் லஹரியா'வில், கிராமத்துப் பெண்களே நிருபர்களாகி, தங்கள் வட்டார மொழியில் எழுதினார்கள். பிற்காலத்தில் அச்சை விட்டுத் திரைக்குப் போனபோதும் அந்த நிருபர்களைக் கைவிடவில்லை. தாளை விட்டும் ஆளை விடாமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நிவந்தம் எழுதிவைத்த மரபு நம்முடையது. ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவுக்காக ஒரு குடும்பம் மூலதனம் ஒதுக்கியிருப்பதால்தான் இன்று நான் உங்கள் முன் நிற்கிறேன். அதே முறையில், இந்தத் தாலுகாவின் செய்திக்கென ஒரு நிருபருக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் நிதி ஒன்றை ஏன் ஏற்படுத்தக் கூடாது? பணம் கொடுத்தவர் பேனாவையும் பிடித்துக்கொள்வாரே என்ற ஐயம் நியாயமானது. அதற்குப் பரிகாரம் சாசனத்தில் இருக்க வேண்டும்: நன்கொடை அளித்தவர்கள் செய்தியில் தலையிடலாகாது, ஒருவரே நிதியின் பெரும்பகுதியைக் கொடுக்கலாகாது, வரவு செலவு ஆண்டுதோறும் பிரசுரமாக வேண்டும், நிருபர் விளம்பரம் பிடிக்கலாகாது. அவர் எழுதுவதை எந்தப் பத்திரிகையும், எந்தச் சேனலும் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

பத்திரிகை அதிபர்களுக்கு ஒரு விண்ணப்பம்: செலவைக் குறைக்க வேண்டிவந்தால் வண்ணப் பக்கத்தைக் குறையுங்கள், இலவச இணைப்பைக் குறையுங்கள், அவசியமானால் வாரத்தில் ஒரு நாள் அச்சையே நிறுத்துங்கள், தாலுகா நிருபரை மட்டும் கடைசி வரை நிறுத்தாதீர்கள். வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: செய்திக்கு உரிய விலையைக் கொடுங்கள். இந்தச் சபையில் கூடியிருக்கும் போடி, தேவாரம், பொட்டிபுரத்துப் பெரியோர்களுக்கும் ஏல வியாபாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: அடுத்த வருஷம் இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவுக்குக் கூடுவதற்குள், நான் சொன்ன நிதியின் சாசனத்தை எழுதிப் பதிவு செய்து, முதல் நிருபரை நியமித்துவிடுங்கள். அவருடைய முதல் வேலையாக, பொட்டிபுரத்துக் கிணறுகளைப் பற்றிய கேள்விக்கு விடை தேடட்டும். இதுவே நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது.